வடிகால் இல்லாத கண்

நாம் அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுகிறது. கண்ணின் உள்மூலையிலிருந்து நுண்ணிய குழாய் ஒன்று மூக்கினுள் இறங்குவதே அதற்குக் காரணம். மிகுந்த கண்ணீர் அவ்வழியே வடிந்துவிடுகிறது. ஆமையினத்துக்கு அக்குழாய் அமையவில்லை. அதன் கண்ணில் ஊறும் நீர் இமையோரமாக வழிய வேண்டும், அல்லது காற்றில் உலர வேண்டும். கரையேறி முட்டையிடும் கடலாமை கண்ணீர் வடிப்பதைக் கண்டோர் பலர். உடலில் மிகும் உப்பை அதன் கண்ணீர்ச் சுரப்பி அவ்வாறு வெளியேற்றுகிறது. நிலத்தாமைக்கு அத்தகைய உப்புச் சுரப்பி இல்லை. அதன் கண்ணில் ஊறுவது விழியைக் காக்கும் மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே. அப்படலம் நிலைப்பதும் வற்றுவதும் சூழ்ந்துள்ள காற்றைப் பொறுத்தது. ஆகவே, வளர்ப்பு ஆமையின் கண்ணோயைப் பற்றிப் பேசுவோர் அதன் உறைவிடத்தின் காற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

அரபு நாடுகளில் வாழும் தமிழர்க்கு இது தொலைவான செய்தியன்று. சவூதி அரேபியாவின் செங்கடற்கரையில், ஜித்தாவுக்கு வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது யான்பு. 1975இல் ஜுபைலுக்கும் யான்புக்குமாக அரச ஆணையம் ஒன்று நிறுவப்பட்டபின், மீன்பிடித் துறையாகவும் பயணிகள் துறையாகவும் இருந்த பழைய ஊரின் தெற்கே பெருந்தொழில் நகரம் எழுந்தது. அரபுத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து வரும் எண்ணெய்க் குழாய் இங்கே கடலைத் தொடுகிறது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் வேதிப்பொருள் ஆலைகளிலும் பணிபுரியும் தமிழர் குடும்பத்தோடும் இங்கே வாழ்கின்றனர். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். சாளரங்கள் மூடியிருக்க, குளிரூட்டி ஓய்வின்றி ஓடும். வெளியே விளையாட இயலாத பிள்ளைகளுக்குத் துணையாக ஓர் உயிர் வேண்டுமென்று தோன்றும்போது, குரைக்காத, மயிர் உதிர்க்காத, கையடக்கமான ஆமைக்குஞ்சு பெற்றோரின் கண்ணுக்கு எளிமையாகத் தெரிகிறது.

வளைகுடா நாடுகளின் வளர்ப்புயிர்க் கடைகளில் விற்கப்படும் நிலத்தாமைகளுள் நன்கு அறியப்பட்டது ஆப்பிரிக்க முள்தொடை ஆமை. கடைக்காரர் ‘சல்காட்டா’ என்பர். அதன் தாயகம் செனிகல் முதல் சூடான், எத்தியோப்பியா, எரித்திரியா வரை சகாராவின் தென்விளிம்பாக நீளும் வறள்நிலம். அந்நிலத்தின் கீழ்க்கோடி செங்கடலின் அக்கரையில் உள்ளது. ‘பாலைவன ஆமைதானே, இவ்வூர் அதற்குத் தாய்வீடு, வறண்ட தொட்டியில் மணலைப் பரப்பிவிட்டால் போதும்’ என்ற முடிவுக்கு வருவது எளிது. அம்முடிவிலிருந்துதான் துன்பங்கள் பல தொடங்குகின்றன.

முள்தொடை ஆமை பாலையின் நிலத்தில் வாழ்கிறது. பாலையின் காற்றில் அதன் வாழ்நாளின் சிறுபகுதியே கழிகிறது. வலிய முன்னங்கால்களால் அது பல மீட்டர் நீளத்துக்கு வளை தோண்டும். மேலே மண் கொதிக்கும்போது வளையினுள் வெப்பம் தாழ்ந்து, பகலிரவு மாற்றமின்றி நிலைத்திருக்கும். அடிமண்ணின் ஈரமும் ஆமையின் மூச்சு ஈரமும் அங்கே தங்கியிருக்கும். வைகறையிலும் மாலையிலும் வெளிவந்து மேயும். வறண்ட திங்கள்களில் நாட்கணக்கில் உள்ளேயே கிடக்கும். மழைக்காலத்தில் துடிப்போடு திரியும். நெடுங்காலமாக இவ்வுயிர் கோடையை வென்றுவந்தது வறட்சியைத் தாங்கியதால் அன்று, வறட்சிக்கு அகப்படாமல் ஒதுங்கியதால்.

இனி, யான்புக் குடியிருப்பின் அறையொன்றை எண்ணிப் பாருங்கள். கடற்கரை ஊராதலால் வெளிக்காற்றில் ஈரம் உண்டு. ஆனால் குளிரூட்டியின் புறக்குழாயிலிருந்து நாளெல்லாம் சொட்டும் நீர் எதைக் காட்டுகிறது? அறையின் காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரத்தைத்தான். மனிதனுக்கு இதமான 23, 24 பாகை வெப்பமும் வறண்டு வீசும் காற்றும் ஆமைக்குஞ்சுக்கு இரட்டைத் தண்டனை. தன் உடலுக்குள் வெப்பம் ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. குளிரில் அதன் செரிமானமும் நோயெதிர்ப்பும் தளர்கின்றன. வறட்சியில் விழிமேல் உள்ள நீர்ப்படலம் குலைகிறது. இமை தடித்து, பாதி மூடிய கண்ணோடு அது மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். ‘தூங்குகிறது’ என்று வீட்டார் எண்ணிக்கொள்வர்.

ஈரப்பதம் எவ்வளவு ஆழமாக இவ்வுயிரின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு வியன்னாவின் விலங்கு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு சான்று. வீஸ்னர், இபென் என்னும் இருவர் 2003இல் அதனை வெளியிட்டனர். முள்தொடை ஆமைக்குஞ்சுகள் ஐம்பதை வெவ்வேறு ஈரப்பதத்திலும், வெவ்வேறு புரத அளவு கொண்ட உணவிலும் ஐந்து திங்கள் வளர்த்தனர். ஓட்டின் கட்டங்கள் கூம்பு கூம்பாகப் புடைத்தெழும் கோளாற்றுக்கு மிகைப்புரதமே காரணம் என்று அதுவரை பலரும் நம்பிவந்தனர். முடிவு வேறாக இருந்தது: காற்று வறண்ட அளவுக்கு ஓடு புடைத்தது; புரதத்தின் பங்கு சிறிதே. அவ்வாய்வு கண்ணைப் பற்றியதன்று. ஆயினும் கல்போன்ற ஓட்டையே உருமாற்றும் வறட்சி, நீரால் மட்டுமே காக்கப்படும் விழியை விட்டுவைக்கும் என்று எண்ண இடமில்லை.

கண்ணின் அமைப்பைச் சற்று நெருங்கிக் காண்போம். ஆமைக்குக் கீழிமையே பெரிது; உறங்கும்போது அது மேலெழுந்து விழியை மூடும். உள்மூலையிலிருந்து மூன்றாவது இமையாக மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வந்து விழியைத் துடைத்துச் செல்லும். விழிக்கோளத்தின் சுவரில் சிற்றெலும்புத் தகடுகள் வளையமாக அடுக்கப்பட்டு அதன் வடிவைக் காக்கின்றன. கண்குழியில் உள்ள இரு சுரப்பிகள் நீரையும் வழவழப்பையும் தருகின்றன. இத்தனைக் காப்பும் நீர் இருக்கும்வரைதான் தொழிற்படும். நீர் குறைந்த விழியில் நுண்மணல் ஒன்று புகுந்தால், இமைக்குந்தோறும் அது கருவிழியை உராயும். ஆமை முன்னங்காலால் தேய்க்க, உராய்வு புண்ணாகும்.

ஆகவே, உலர்ந்த மணலைத் தனித்துத் தரையாக இடுவதை நான் முற்றிலும் மறுக்கிறேன். தேவதாரு மரச்சீவலும் ஆகாது. அதன் மணமூட்டும் எண்ணெய்கள் கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். நனைத்துப் பிழிந்த தேங்காய்நார்த் தூளோடு களிப்புள்ள மண்ணைக் கலந்து விரல் ஆழத்துக்கு மேல் பரப்பினால், அது ஈரத்தையும் தாங்கும், தூசியும் எழாது. மணற்புயல் வீசும் நாளில் மாடத்தில் ஆமையை விட்டுவைக்கலாகாது. தூசியும் ஓடுடைய உயிர்களும் பற்றிய வருந்தத்தக்க பாடம் ஒன்று யான்புக்கு அருகிலேயே எழுதப்பட்டது. ஊருக்கு வடக்கே உள்ள ராஸ் பாரிதி, சவூதியின் செங்கடற்கரையில் பச்சைக் கடலாமைகள் முட்டையிடும் முதன்மையான இடங்களுள் ஒன்று. அருகிலுள்ள சிமெண்டு ஆலையின் தூசி குஞ்சுகள் மடியக் காரணமானதைக் கடலாமை ஆய்வாளர் நிகொலாஸ் பில்ச்சர் 1999இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். பரந்த கடற்கரையிலேயே அந்நிலை என்றால், இரண்டடித் தொட்டிக்குள் தூசியிலிருந்து விலகிச் செல்ல ஆமைக்கு ஏது இடம்?

ஒளியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்; வளர்ப்போரின் நல்லெண்ணமே கேடாக முடிவது இங்கேதான். ஆமையின் பார்வை நம்முடையதைவிட வளம் மிக்கது. நன்னீராமையின் விழித்திரை நிறப்பார்வையின் கமுக்கங்களைத் திறந்து காட்டிய ஒன்று; நமக்குப் புலனாகாத புற ஊதா ஒளியையும் அது நிறமாகவே காண்கிறது என்பதை ஆய்வாளர்கள் ஆர்னால்டும் நியூமெயரும் 1987இல் நிறுவினர். காண்பதற்கு மட்டுமன்றி, தோலில் உயிர்ச்சத்து டி உருவாகவும் ஆமைக்குப் புற ஊதாக் கதிரின் ஒரு பகுதி இன்றியமையாதது. அது கிடைக்காவிடில் ஓடு மென்மையாகும், எலும்பு வளையும். சாளரக் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னிருந்து காயும் வெயில் வெப்பத்தைத் தருமேயன்றி அந்நன்மையைத் தராது. எனவே விளக்கை நாடுகின்றனர்.

2007ஆம் ஆண்டை ஒட்டிச் சந்தைக்கு வந்த சுருள்வடிவ விளக்குகள் சில, இயற்கைக் கதிரவ ஒளியில் நிலத்தை எட்டாத மிகக் குறுகிய அலைநீளக் கதிர்களையும் உமிழ்ந்தன. அவற்றின்கீழ் இருந்த ஆமைகளும் பல்லியினங்களும் கண்களை இறுக மூடி, உண்ண மறுத்து வாடின. பிரிட்டானிய விலங்கு மருத்துவர் பிரான்செசு பெய்ன்சு அவ்விளக்குகளை அளந்து குறையைக் காட்டினார். யான்புத் தமிழர்க்கு இந்நோயை விளக்கவே வேண்டுவதில்லை. பற்றவைப்புப் பணியில் முகக்காப்பு இன்றி நின்றவர், அன்றிரவு கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போன்ற வேதனையில் துடித்ததை ஆலையில் யாரேனும் கண்டிருப்பர். இரண்டும் ஒரே நோய்: குறுகிய அலைநீளக் கதிர் கருவிழியின் மேற்றோலை எரித்துவிடுகிறது. பற்றவைப்பவர் மறுநாள் ஒளியிலிருந்து விலகி நிற்பார், ஆறிவிடும். தொட்டிக்குள் உள்ள ஆமைக்கு அதே விளக்கு மறுநாளும் எரியும்.

விளக்கை எங்கே மாட்டுவது என்பதும் பொருட்டாகும். உச்சிக் கதிரவனுக்கு ஏற்பவே விழிக்கு மேல் புருவமேடு அமைந்துள்ளது. மேலிருந்து விழும் ஒளியை அது மறைக்கும். பக்கவாட்டில் மாட்டிய விளக்கோ நேரே விழியினுள் பாயும். ஆகவே நேர்மேலே, விளக்கைச் செய்தோர் குறித்த தொலைவில் மாட்டி, ஒரு பாதிக்கு மட்டும் ஒளி விழுமாறு செய்து, மறுபாதியை நிழலாக விட வேண்டும். காரி பெர்குசனும் உடனாய்வாளரும் 2010இல் ஊர்வனவற்றை வெயில்காயும் இயல்புக்கேற்பப் பிரித்துக் காட்டியபின், புற ஊதாக் குறியீட்டை அளவியால் அளந்து விளக்கின் உயரத்தை அமைப்பது வழக்கமாகிவருகிறது. வெளிச்சம் குன்றாமல் எரியும் விளக்கிலும் புற ஊதாக் கதிர் நாளடைவில் குன்றிவிடும். அளவி இல்லாதோர் உரிய காலத்தில் விளக்கை மாற்றியே ஆக வேண்டும். குளிர்காலக் காலைகளிலும் கோடையின் விடியற்பொழுதிலும் யான்புவின் திறந்த வெயிலில் அரைமணி நேரம், நிழலுக்கு ஒதுங்க இடம் வைத்து விடுவது எந்த விளக்கினும் மேல். கோடை நண்பகலில் இவ்வூரின் புற ஊதாக் குறியீடு 10ஐத் தாண்டும். அப்பொழுது வெற்றுச் சிமெண்டுத் தரையில் விடப்பட்ட குஞ்சு சிறிது நேரத்திலேயே வெந்து மடியும்.

கண் வீங்கியதும் ‘உயிர்ச்சத்து ஏ குறைவு’ என்று முடிவுகட்டும் பழக்கம் பரவியுள்ளது. அதற்கு ஓர் அடிப்படை உண்டு. செங்காது ஆமை போன்ற நன்னீர்க் குஞ்சுகளுக்கு இறைச்சித் துண்டையும் உலர்ந்த இறாலையும் மட்டுமே கொடுத்து வளர்த்தால் அச்சத்து குன்றும். கண்சுரப்பிகளின் நாளங்களை உள்ளே மூடியுள்ள மெல்லிய தோல் தடித்துச் செதிலாகி வழியை அடைத்துக்கொள்ளும். சுரப்பிகள் வீங்கி, இமைகள் புடைத்து, பாலாடைக்கட்டி போன்ற வெண்கழிவு சேரும். ஆனால் இலைதழை உண்ணும் நிலத்தாமை, பச்சை இலையிலுள்ள மஞ்சள் நிறமியிலிருந்தே தனக்கு வேண்டியதை ஆக்கிக்கொள்கிறது. அதற்கு இக்குறை அரிதாகவே நேரும். குறையே இல்லாத ஆமைக்கு அச்சத்தை ஊசிவழி ஏற்றினால் நஞ்சாகித் தோல் உரிந்து, செந்தசை வெளிப்படும். மருத்துவர் உணவு வரலாற்றைக் கேட்டறியாமல் ஊசியை எடுத்தால், ஏன் என்று கேட்க வளர்ப்போர்க்கு முழு உரிமை உண்டு.

உணவைச் சீராக்குவது கடினமன்று. முள்தொடை ஆமை புல்மேயும் உயிர். அருகு முதலான புல்லும் உலர்புல்லும் அதன் உணவின் பெரும்பங்காக வேண்டும். செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் ஜிர்ஜீர் கீரை ஆகியவற்றை மாற்றி மாற்றித் தரலாம். கால்நடைக்காக இந்நாட்டில் விளையும் குதிரைமசால் புரதம் மிக்கது; நாளும் தருவதற்கு உரியதன்று. சோறு, ரொட்டி, பருப்பு எதுவும் வேண்டா.

நோய்க்கிருமிகளின் பங்கும் சிறிதன்று. அமெரிக்க நாட்டின் மொகாவி பாலைவன ஆமை 1990இல் அழிவச்சத்துக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டதற்கு, மூச்சுப்பாதையைத் தாக்கும் தொற்றுநோயும் ஒரு காரணம். செல்சுவர் இல்லாத நுண்ணுயிர் ஒன்று அதை உண்டாக்குகிறது. வீங்கிய இமை, நீர்வழியும் கண், ஒழுகும் மூக்கு ஆகியனவே அதன் முதற்குறிகள். நடுநிலக்கடல் பகுதியின் ஆமையினங்களை வருத்தும் அக்கித் தீநுண்மி, கண்ணழற்சியோடு வாயினுள் புண்ணையும் தோற்றுவிக்கும். ஓர் இனத்தில் வெளித்தெரியாமல் உறங்கும் கிருமி மற்றோர் இனத்தைக் கொல்லும். இதனால்தான் கடையில் வெவ்வேறு நாட்டு ஆமைகளை ஒரே தொட்டியில் இட்டு விற்பதைக் காணும்போது நெஞ்சம் பதைக்கிறது. புதிதாக வந்ததைப் பழைய ஆமையோடு உடனே சேர்க்கலாகாது. தனியறையில் சில திங்களாவது வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கண் மட்டும் மூடியிருந்தால் மணல், உலர்புல்லின் முனை, கீறல் ஆகியவற்றையும், இரு கண்களும் ஒருசேர மூடியிருந்தால் வறட்சி, ஒளி, குளிர், தொற்று, உணவு ஆகியவற்றையும் முதலில் ஐயுறுக. இது முடிந்த முடிபன்று. தேடலுக்கு ஒரு தொடக்கம். வெதுவெதுப்பான நீரில், தாடை மட்டும் நனையும் ஆழத்தில் கால்மணி நேரம் ஆமையை நிறுத்தினால் அது நீரைப் பருகும். தலையை நீரில் அமிழ்த்தித் தானே கண்ணைக் கழுவிக்கொள்வதும் உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் தூய உப்புநீரால் இமையோரத்தை மெல்ல ஈரப்படுத்தலாம். இமையை விரலால் பிரிக்கவோ, கழிவைச் சுரண்டவோ கூடாது. வீட்டில் எஞ்சியுள்ள மனிதக் கண்மருந்தை இடுவது பெருந்தீங்கு. அழற்சியடக்கும் இயக்குநீர் கலந்த சொட்டு, கருவிழியில் புண் இருக்குமாயின் அதை ஆழமாக்கிப் பார்வையையே போக்கிவிடும். புண் உண்டா என்பதை, பச்சையாய் ஒளிரும் சாயத்தை விழியில் இட்டு மருத்துவர் நொடியில் கண்டுவிடுவார். ஓரிரு நாளில் கண் திறவாவிடில், அல்லது மூக்கில் குமிழி வந்தால், காத்திருக்கலாகாது. அவரிடம் செல்லும்போது ஆமையை மட்டுமன்றி, தொட்டியின் ஒளிப்படத்தையும் விளக்கின் அட்டைப்பெட்டியையும் எடுத்துச் செல்க.

உறைவிடத்தை அளந்தே அறிய வேண்டும். கையால் தொட்டு மதிப்பிடுவது ஏமாற்றும். சுவரில் தொங்கும் வெப்பமானி அறையின் வெப்பத்தையே சொல்லும். ஆமை கிடக்கும் உயரத்தில், வெயில்காயும் மூலையில் ஒன்றும் நிழல்மூலையில் ஒன்றுமாக அளவி வேண்டும். காயும் இடம் 35 பாகையை ஒட்டியும், நிழல் 26 முதல் 28 வரையிலும், இரவு 24க்குக் குறையாமலும் இருந்தால் முள்தொடை ஆமைக்குஞ்சு நன்கு வளரும். ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். திறந்த தொட்டியில் இந்த ஈரம் நிற்காது. மேற்புறத்தின் பெரும்பகுதியை மூடி, காற்றோட்டத்துக்குச் சிறிது இடம்விட வேண்டும். கவிழ்த்த மண்சட்டியில் வாயில் வெட்டி, உள்ளே ஈரநார் பரப்பினால் வளைக்கு ஈடான ஒதுக்கிடம் கிடைத்துவிடும். குளிரூட்டியின் காற்று நேரே படும் இடத்தில் தொட்டி இருக்கவே கூடாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூச்சுநோய் வரும் என்பதால், ஈரத்தைக் கூட்டுமுன் வெப்பத்தைச் சீராக்குக.

இவ்வளவும் செய்தபின் மிஞ்சும் கேள்வி ஒன்று உண்டு. வாங்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. உள்ளங்கையில் அடங்கும் இக்குஞ்சு, உலகின் மூன்றாவது பெரிய நிலத்தாமையாக வளரும். ஆண் ஆமை 80 கிலோவையும் எட்டும். மனித வாழ்நாளளவு வாழும். பணி ஒப்பந்தமோ சில ஆண்டுகள். இனம் அழிவாய்ப்பட்டதென்று பன்னாட்டு இயற்கைக் காப்பு ஒன்றியம் பட்டியலிட்டுள்ளது. காட்டிலிருந்து பிடித்து வணிகம் செய்வதற்குப் பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் 2000 முதல் இசைவே கிடையாது. எல்லை கடக்க ஏற்றுமதி, இறக்குமதி இசைவுகள் வேண்டும் என்பதால், ஊர் திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்ல முடியாது. மறுதிசையில், தமிழகத்தின் புதர்க்காடுகளிலிருந்து கட்டங்கட்டமாய் மஞ்சள் கோடு மின்னும் விண்மீன் ஆமையை (நட்சத்திர ஆமை) மறைத்துக் கொண்டுவருவது கொடிய குற்றம். இந்தியச் சட்டம் அதை வீட்டில் வைத்திருப்பதையே தடுக்கிறது, 2019 முதல் பன்னாட்டு வணிகமும் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.

வளர்க்க இயலாத நிலை வந்தால் பாலையிலோ கடற்கரையிலோ விட்டுவிடுவது விடுதலையாகாது. வளை தோண்டி நிலைகொள்ளுமுன் வெப்பத்தில் மடியும். பிழைத்தால் தன் கிருமிகளை இந்நிலத்து உயிர்களுக்குப் பரப்பும். மண்தரையுள்ள தோட்டம் கொண்ட ஒருவரைத் தேடி ஒப்படைப்பதே நேரிய வழி. ஒப்படைக்கும்போது அதன் எடை, உணவு, பட்ட நோய்கள், தொட்டியின் வெப்பமும் ஈரமும் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். கண்பார்வையை இழந்துவிட்ட ஆமையாயின் இன்னொன்றையும் சேர்த்து எழுதுக: உணவுத் தட்டும் நீர்க்கலமும் எந்த மூலையில் இருந்தன என்பதை. மோப்பத்தாலும் பழகிய வழியாலும் அது தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும்; புதிய வீட்டிலும் அவற்றை அதே முறையில் அமைத்து, அதன்பின் இடம் மாற்றாமல் இருக்க வேண்டும்.